ஐந்தருவியில் போன தாள்

தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே உள்ள தெருவில், 1958ஆம் ஆண்டில், வாரப் பத்திரிகையை முதலில் பிரிக்கும் உரிமை சொக்கம்மாளுக்கே இருந்தது. அது யாரும் எழுதிக் கொடுத்த உரிமை அல்ல. வெள்ளிக்கிழமை காலை சென்னை ரயிலில் வரும் கட்டு கடைக்குப் போகும். அந்தத் தெருவுக்கு வரும் ஒரே பிரதி அவள் வீட்டுக்கு வந்துதான் மற்ற வீடுகளுக்குப் போகும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுக்களை நிலைப்படியில் அமர்ந்து அவள் பிரிப்பாள். புதுத்தாளின் மையும் பசையும் கலந்த வாடை சாம்பார் கொதிக்கும் வாடையை அமுக்கிக்கொண்டு எழும். அந்த நேரத்தில் தெருவில் வேறு ஒருவருக்கும் தெரியாத செய்தி ஒன்று தனக்குத் தெரிகிறது என்பதில் அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு.

அவள் கணவர் தில்லைநாயகம் முன்சீப் கோர்ட்டில் எழுத்தர். மாலையில் திரும்பும் வழியில் கிளை நூலகத்துக்குப் போய் மனைவிக்குப் புத்தகம் எடுத்து வருவது அவர் வழக்கம். தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். ஆகவே பெரும்பாலும் இரண்டாம் பாகமே முதலில் வீடு வந்து சேரும். கப்பல் உடைந்து கடலில் விழுந்தவனைப் பற்றி அவள் கவலைப்பட நேர்ந்ததே இல்லை. அவன் பிழைத்துக் கல்யாணம் செய்துகொண்டது முந்தின மாதமே அவளுக்குத் தெரியும். துப்பறியும் கதை ஒன்றில், கொன்றவன் பெயரை எவரோ முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். வடநாட்டுக் கதை ஒன்றின் பெயர்கள் மனத்தில் நிற்காமல், ஜமீன்தாருக்குத் தெருவின் வட்டிக்கடைக்காரர் பெயரையும் அவர் மருமகளுக்கு எதிர்வீட்டுப் பேராச்சியின் பெயரையும் சூட்டிப் படித்து முடித்தாள். அதன் பிறகு சில நாள்கள் பேராச்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு இரக்கம் சுரந்தது. காரணம் தெரியாத பேராச்சி, "என்னத்துக்கு அக்கா என்னை இப்படிப் பாக்கீங்க?" என்று கேட்டாள்.

சித்திரை விஷுவன்று விடியலில் கண்விழிக்கும் கனித்தட்டில் கண்ணாடி, பழம், கொன்றைப்பூ, நகை எல்லாம் வைப்பார்கள். சொக்கம்மாள் அந்த வருஷம் படித்து முடிக்க நினைக்கும் புத்தகத்தையும் அதில் சேர்த்து வைப்பாள். அதுதான் அவள் ஆண்டுத் திட்டம். 1958 சித்திரையில் அவள் வைத்தது புத்தகம் அல்ல. பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தாள்கள். கோட்டைக் கதை என்று தெருவில் வழங்கிய சரித்திரத் தொடர்கதையை முழுதாகச் சேர்த்து, பஜாரில் மைதீனிடம் கொடுத்து, காலிக்கோ அட்டை போட்டு பைண்டு செய்வது என்பதே அந்த ஆண்டின் எண்ணம். அப்படி ஒரு புத்தகம் அவள் வீட்டில் இருந்தால், கதை வேண்டுபவர்கள் அவளிடம்தான் வந்தாக வேண்டும்.

வந்தாக வேண்டும் என்று அவள் நினைக்க நேர்ந்ததற்குக் காரணம் சுகிர்தம்.

சுகிர்தம் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நாசரேத் பக்கத்துக்காரி. சொக்கம்மாளின் வீட்டை ஒட்டிய சிறு பகுதிக்கு இரண்டு வருஷம் முன்பு தனியாகக் குடிவந்தவள். கொல்லைப்புறம் இரு பகுதிக்கும் பொது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு, இருக்கும் ஒரே கலயத்தைக் கழுவிக் கல்லின் மேல் அவள் கவிழ்த்து வைக்கும் ஓசை தினமும் சொக்கம்மாளுக்குக் கேட்கும். அந்த ஓசைக்குப் பிறகுதான் பள்ளிக்குக் கிளம்புவாள். வந்த புதிதில் இருவருக்கும் நல்ல ஒட்டுதல் இருந்தது. பத்திரிகையை இருவரும் பங்காக வாங்குவது, சொக்கம்மாள் பகலில் படிப்பது, சுகிர்தம் பள்ளி விட்டு வந்து படிப்பது, மறுவாரம் தாளைப் பிரித்துக் கோட்டைக் கதையைச் சொக்கம்மாளும், விசாலம் என்ற பெண்ணைப் பற்றிய குடும்பக் கதையைச் சுகிர்தமும் எடுத்துக்கொள்வது என்றெல்லாம் ஏற்பாடு ஆனது அப்போதுதான்.

அப்போதெல்லாம், சனிக்கிழமை பிற்பகலில் தெருப் பெண்கள் சொக்கம்மாள் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். கோடி வீட்டு ஆவுடையம்மாள் புளியோ மொச்சையோ கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்காருவாள். அந்த வாரத்துக் கதையைச் சொக்கம்மாள் சொல்லுவாள். ஒரு மார்கழியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நான் வேணா வாசிக்கட்டுமா அக்கா?" என்று சுகிர்தம் பத்திரிகையைக் கையில் எடுத்தாள். அன்றோடு சரி. தொண்டை ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது; கதை சொல்லும் இடம் மட்டும் அவளுக்குத் திரும்பி வரவில்லை.

"டீச்சர் வாசிச்சா அந்த ஆளே எந்திரிச்சு வந்து முன்னால நிக்க மாதிரி இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள், சொக்கம்மாளை வைத்துக்கொண்டே. "நீ சொன்னா தந்தி வந்த மாதிரி, சொக்கு. விஷயம் தெரிஞ்சுரும். அம்புட்டுதான்."

"தந்தின்னா சீக்கிரம் வருதுல்லா, மதினி," என்றாள் சொக்கம்மாள் சிரித்தபடி. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவளை அதிகம் வாட்டியது சுகிர்தத்தின் குரல் அல்ல. வாசித்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் பத்திரிகையை மடியில் கவிழ்த்துவிட்டு, "இனி என்ன நடக்கும்னு நினைக்கீங்க?" என்று சுகிர்தம் கேட்பாள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிறகு அவள் ஒன்று சொல்வாள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்து அதுவே நடக்கும். முதலில் படித்தவள் சொக்கம்மாள். ஆனால் பத்திரிகை அச்சாகும் முன்பே சுகிர்தம் படித்துவிடுகிறாள் என்று தோன்றியது. அதே பக்கங்களில் தன் கண்ணுக்குப் படாத எதை இவள் காண்கிறாள் என்று தெரிந்துகொள்ள, வெள்ளிக்கிழமைகளில் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் அதே கதைதான் இருந்தது.

இந்த நிலையில் பத்திரிகைக்காரர்கள் பக்கங்களை மாற்றி அடுக்கினார்கள். சித்திரை முதல், வாராவாரம் கோட்டைக் கதையின் கடைசிப் பக்கம் ஒரு தாளின் முன்புறத்திலும், விசாலம் கதையின் முதல் பக்கம் அதே தாளின் பின்புறத்திலும் விழுந்தன. ஒரு தாளை இருவர் கிழித்துக்கொள்ள முடியாது. யோசித்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: வாரம் ஒருத்தி தாளை எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொண்டவள் மற்றவளுக்குரிய பக்கத்தைத் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். தன்னுடையதல்லாத பக்கத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டால், படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எழுதும் வேலையிலும் சுகிர்தம் ஒரு படி மேல்தான். அவள் எழுத்து கரும்பலகையில் எழுதிய மாதிரி நிமிர்ந்து நிற்கும். வைகாசியில் அவள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தைச் சேர்த்து அடுக்கும்போது, சொக்கம்மாள் ஓர் இடத்தில் நின்றாள். படைத்தலைவன் விடிகாலையில் போருக்குக் கிளம்புகிறான். கஞ்சி குடித்த கலயத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். கவிழ்த்து வைப்பவன் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போகிறான் என்று காவலாள் நினைத்துக்கொள்கிறான். வெள்ளிக்கிழமை அச்சில் படித்தபோது இந்த இடத்தைக் கவனிக்காமல் எப்படித் தாண்டினோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று மாலை தில்லைநாயகத்திடம் அதைச் சொன்னாள்.

"எழுதினவருக்கு வீட்டுல பாத்திரம் கழுவுத வேலை போல," என்றார் அவர்.

ஆடியில் சாரல் நன்றாக இறங்கியது. சனிக்கிழமை தெருப் பெண்கள் குற்றாலம் போவதென்று ஆயிற்று. முந்தின நாள் வந்த பத்திரிகையைச் சொக்கம்மாள் வழக்கம்போல் படித்திருந்தாள். பள்ளியில் ஆய்வாளர் வந்திருந்ததால் சுகிர்தத்துக்கு அதைப் புரட்டவும் நேரம் கிடைக்கவில்லை. "அருவிக்குக் கொண்டு போவோம் அக்கா. குளிச்சிட்டுத் தலை காயிற வரைக்கும் வாசிக்கலாம்," என்று அவள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் போய் இறங்கி, குதிரை வண்டி பிடித்து ஐந்தருவிக்குப் போனார்கள். வண்டி முழுதும் அதே பேச்சுதான். முந்தின வாரம் விசாலம் மாமியார் வீட்டைவிட்டு வெளியேறி ரயில் நிலையத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் ரயிலேறுவாளா, திரும்பிப் போவாளா?

"ஏறுவா," என்றாள் சுகிர்தம். "ஆனா அழுதுக்கிட்டே ஏற மாட்டா. பாருங்களேன்."

"அக்காவுக்குத் தெரியும்லா. நேத்தே படிச்சிருப்பாங்க," என்றாள் பேராச்சி.

"சொக்குகிட்டக் கேக்காதீங்க. டீச்சர் வாசிச்சாத்தான் ருசி," என்று ஆவுடையம்மாள் தடுத்தாள்.

சொக்கம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்குச் சளி பிடித்திருந்தது, குளிக்கவில்லை. துணிமூட்டைகளுக்கும் பழத்துக்கும் காவலாகப் பாறையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கம்பு கொடுத்திருந்தார்கள். குற்றாலத்தில் குரங்குக்குக் காவல் இருப்பது ஒரு முழு வேலை. மற்றவர்கள் எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்கடியில் போய் நின்றார்கள். சுகிர்தம் தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ சொல்ல, ஆவுடையம்மாள் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று அருவி கேட்கவிடவில்லை.

சுகிர்தம் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போன பத்திரிகையின் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, கொஞ்ச தூரத்தில் குந்தி, அவளையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் கம்பைத் தூக்கியிருந்தால் போதும். கை மடியிலேயே கிடந்தது. பழம் போகட்டும் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை. பழத்தின் கீழே என்ன இருந்தது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். குரங்கு பாய்ந்து சீப்பைப் பற்றியபோது பத்திரிகையும் சேர்ந்து வந்தது. அதன் பிறகுதான் கூச்சலிட்டாள். மிரண்டு போன குரங்கு பத்திரிகையை உதறியது; நடுத்தாள் கம்பியிலிருந்து பிய்ந்துகொண்டது. குரங்கு அந்தத் தாளோடு மரமேறி, அதைக் கிழித்துப் பார்த்து, தின்பதற்கில்லை என்று கண்டு, ஓடும் தண்ணீரில் போட்டது.

பெண்கள் ஈரத்துணியோடு ஓடிவந்து மீதியைப் பொறுக்கினார்கள். போனது ஒரு தாள்தான். அதன் ஒரு பாதி முழுதும் சோப்பு விளம்பரம். மறுபாதியில்தான் கோட்டைக் கதையின் அந்த வாரத்துக் கடைசிப் பக்கமும் விசாலம் ரயிலேறும் பக்கமும் இருந்தன.

"குரங்குக்கும் விசாலம் கதைதான் பிடிச்சிருக்கு," என்றாள் ஆவுடையம்மாள். அன்று வாசிப்பு நடக்கவில்லை.

திரும்பி வந்து கடையில் கேட்டார்கள். சீசனுக்கு வந்தவர்கள் ஒரு பிரதி விடாமல் வாங்கிப் போயிருந்தார்கள். அடுத்த தெருவில் வாங்குபவர்கள் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார்கள். மறுநாள் சுகிர்தம் வந்தாள்.

"இந்த வாரம் தாள் உங்க முறைதானே. எனக்கு எழுதித் தர வேண்டியதும் நீங்கதான். தாள் போனா என்ன, நீங்க படிச்சிட்டீங்கல்லா. மனசுல இருக்கிறதை அப்படியே எழுதிக் குடுங்க அக்கா. சனிக்கிழமை அதை வாசிச்சிருவோம்."

கோபமோ சந்தேகமோ அவள் முகத்தில் இல்லை. அதுவே சொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

எழுத உட்கார்ந்தாள். மழைத் தூறல், போர்ட்டரின் கேள்வி, விசாலம் சீட்டுக்குச் சில்லறை எண்ணுவது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ரயில் நகர்ந்த பிறகு வரும் ஏழெட்டு வரிகள் மட்டும் வரவில்லை. அந்த இடத்தைப் படிக்கும்போது சாம்பார் பொங்கிவிட்டது; எழுந்து போய் வந்தவள் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தாள். தெரியவில்லை என்று ஒரு கோடு போட்டு விட்டிருக்கலாம். ஆனால் சுகிர்தம் முற்றத்தில் குரலைத் தாழ்த்தி வாசிக்கப்போவது அந்த இடத்தைத்தான் என்பது நினைவுக்கு வந்தது. அங்கே சப்பென்று எதையாவது வைத்தால், அவள் குரல் எவ்வளவு தாழ்ந்தாலும் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ரயிலேறி ஓடும் ஒரு கதாநாயகிக்குக் கொஞ்சமும் பொருந்தாத, அடுக்களைச் சமாசாரம் ஒன்றை யோசித்தாள். தன் இடுப்பில் தட்டுப்பட்டதையே எழுதினாள்:

'வண்டி நகர்ந்தது. விசாலத்தின் இடுப்பில் ஏதோ உறுத்தியது. கைவைத்துப் பார்த்தாள். அரிசி இருக்கும் உள்ளறையின் சாவி. இன்று ராத்திரி அவர்கள் பூட்டை உடைத்துத்தான் உலை வைக்க வேண்டும். மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தவள் முதன்முறையாகச் சிரித்தாள்.'

சனிக்கிழமை சுகிர்தம் அந்தப் பக்கத்தை வாசித்தாள். சாவி வந்த இடத்தில் நிறுத்தினாள். மொச்சை உரித்துக்கொண்டிருந்த பேராச்சியின் கை தன்னையறியாமல் தன் இடுப்புக்குப் போயிற்று. பிறகு ஆவுடையம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமியாக்காரி இனி அடுப்புல எதைப் போடுவா? அவ தலையைப் போடுவாளா? என்னமா எழுதியிருக்கான் பாரு."

"எழுதினவரு எம்புட்டுப் பெரிய ஆளு," என்றாள் சுகிர்தம். "இத்தனை மாசத்துல எனக்கு இந்த இடந்தான் பிடிச்சிருக்கு. சொல்லுதேன் கேளுங்க. இந்தச் சாவி சும்மா வரல. கடைசியில இதுதான் அவளைத் திரும்பக் கூட்டிட்டு வரப் போவுது."

சொக்கம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது நான் எழுதியது என்று சொன்னால், முதலில் படித்தவள் மறந்துவிட்டாள், மறந்ததை மறைத்துத் தன் இஷ்டத்துக்கு எழுதினாள் என்று ஆகும். அவள் எழுதிக் கொடுத்த பக்கங்களை மட்டுமல்ல, அவள் சொன்ன கதைகளையே யாரும் இனி நம்பமாட்டார்கள். அவளைப் படிப்பாளி என்று தெருவில் எண்ணுவதற்கு மிச்சம் இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். ஆகவே தன் சாவியைச் சுகிர்தத்தின் புத்தகத்தில் விட்டுவிட்டு மொச்சையைப் பொறுக்கினாள்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் விசாலம் கதையைத்தான் முதலில் பிரித்தாள். சாவி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. இல்லை என்று காண்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. "வரும் வரும்" என்று சுகிர்தம் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. தை மாதத்தில் இரண்டு கதைகளும் முடிந்தன. விசாலம் மதுரையில் நர்ஸ் வேலை பார்க்கிறாள்; வளர்ந்த மகனே வந்து அழைத்தும் போகவில்லை. சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுகிர்தத்தின் கணிப்பு முதல்முறையாகப் பொய்த்தது. அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படி?" என்றாள் மெல்ல. தப்பாகக் கணக்குப் போட்ட மாணவியைப் போல அவள் முகம் சிறுத்திருந்தது. சொக்கம்மாள் அந்த முகத்துக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள். அந்தச் சந்தோஷம் விளக்கேற்றும் வரைகூட நிற்கவில்லை.

பேராச்சி விடுவதாக இல்லை. "சாவி எங்க? எங்கயோ ஒரு வாரம் நமக்கு விட்டுப் போயிருக்கு. அச்சன்புதூர்ல எங்க அக்கா வீட்டுல எல்லாப் புஸ்தகமும் அடுக்கிக் கெடக்கு. மாசியில காதுகுத்துக்குப் போவும்போது பாத்துட்டு வாரேன்."

"அதுக்காவ அம்புட்டையும் புரட்டப் போறியா?" என்று சொக்கம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

"நான் எழுத்துக்கூட்டிப் படிச்சா அடுத்த காதுகுத்தும் வந்துரும் அக்கா. ரயிலேறுத வாரத்தை மட்டும் தூக்கிட்டு வாரேன். அங்கனதான சாவி ஆரம்பிச்சுது. டீச்சர் பாக்கட்டும்."

பேராச்சி ஊருக்குப் போயிருந்த நாள்களில் சொக்கம்மாள் எதையும் படிக்கவில்லை. நூலகத்திலிருந்து வந்த முதல் பாகம் ஒன்று, அதிசயமாக முதல் பாகமே, பிரிக்கப்படாமல் கிடந்தது. "பனி ஈரத்துல பசை காயாது, வெயில் வரட்டும்" என்று இழுத்துக்கொண்டிருந்த மைதீன், இப்போது தாளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேராச்சி பத்திரிகையோடு நேராகச் சுகிர்தத்திடம் போனாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கும் சாக்கில் சொக்கம்மாள் கொல்லைக்கு வந்தாள். சுகிர்தம் துவைகல்லில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முழுதும் படித்தாள். உள்ளே போய்க் கையெழுத்துப் பக்கத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மீண்டும் படித்தாள். தலையை நிமிர்த்தியபோது கொடியருகே நின்ற சொக்கம்மாளைப் பார்த்தாள். உடனே பேராச்சியைப் பார்த்தாள்.

"ஒண்ணும் விட்டுப் போகல, பேராச்சி. எழுதினவர் மறந்துட்டார்."

"அம்புட்டுப் பெரிய ஆளு ஒரு சாவியை மறப்பாரா டீச்சர்?"

"மறப்பாரு. அவரு வீட்டுச் சாவி அவரு பொஞ்சாதி இடுப்புலதான இருக்கும்."

பேராச்சி சிரித்துக்கொண்டே போனாள். சுகிர்தம் அந்தத் தாளைப் பத்திரிகையிலிருந்து பதமாகப் பிரித்தாள்.

"இது உங்களுக்கு அக்கா. கோட்டைக் கதையில அந்தப் பக்கம் உங்களுக்கு இல்லல்லா."

"உனக்கு?" என்றாள் சொக்கம்மாள். டீச்சர் என்று அழைக்க வாய் வரவில்லை.

"எனக்குத்தான் இது இருக்கே." கையெழுத்துப் பக்கத்தை அவள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அவரு எழுதியிருக்கிறது நிலாவும் கண்ணீரும். சாவி உங்க இடுப்புலதான் இருந்திருக்கு."

துணி தோளில் கனத்தது. இவள் சண்டை பிடித்திருந்தால், தெருவைக் கூட்டியிருந்தால், சொக்கம்மாளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"அதைத் தந்துரு, சுகிர்தம். உனக்கு அச்சடிச்ச தாள்தான சரி."

"தர மாட்டேன் அக்கா. அச்சடிச்சது ஊரெல்லாம் இருக்கு. இது எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

பங்குனியில் இரண்டு புத்தகங்களும் பைண்டாகி வந்தன. கோட்டைக் கதைக்குச் சிவப்பு அட்டை, விசாலம் கதைக்குப் பச்சை. சொக்கம்மாளின் புத்தகத்தில் ஒரு பக்கமும் குறையில்லை. அதை யாரும் கேட்டு வரவில்லை. பச்சைப் புத்தகத்துக்குத் தெருவில் வரிசை நின்றது. கேட்டு வாங்கியவர்கள் எல்லோரும் சாவி இடத்தைத்தான் முதலில் தேடிப் பிடித்தார்கள் என்றும், அந்தப் பக்கத்தின் ஓரம் அதற்குள் அழுக்காகிவிட்டது என்றும் அவள் காதில் விழுந்தது. தன் எழுத்துக்கு மற்றவள் வீட்டில் கிடைக்கும் மரியாதையைக் கேட்டுக்கொண்டு, தன் வீட்டு அலமாரியில் புதுக்கருக்கு அழியாமல் நிற்கும் சிவப்பு அட்டையை அவள் பார்த்தபடி இருந்தாள்.

விஷுவுக்கு முந்தின நாள் மாலை, கனித்தட்டில் வைப்பதற்காக அந்தப் புத்தகத்தை எடுத்தாள். கையெழுத்துத் தாள் மற்றவற்றைவிடத் தடிமன். புத்தகம் தானாக அங்கே பிரிந்தது. வைகாசி மாதத்துப் பக்கம். படைத்தலைவன் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான்.

வெள்ளிக்கிழமை அச்சில் அதைப் படித்த நினைவு அவளுக்கு இல்லை என்பது அப்போதுதான் மீண்டும் உறைத்தது. சாம்பார் பொங்கியதாக நினைவு இல்லை. யாரும் கூப்பிட்டதாகவும் நினைவு இல்லை. முன்னும் பின்னும் கத்தியும் குதிரையுமாக இருந்த கதையில் அந்தக் கலயம் மட்டும் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்த, தெளிவான எழுத்து. அவள் சாவியை எழுதுவதற்கு இரண்டு மாதம் முந்தியது.

இந்தப் புத்தகத்தில் தனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். அதுவும் சுகிர்தம் தானாகச் சேர்த்ததுதானா? மெய்யா பொய்யா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அந்த வாரத்து அச்சுத்தாள் சுகிர்தத்தின் முறை. ஆகவே அது பச்சைப் புத்தகத்தில், விசாலம் கதைப் பக்கத்துக்குப் பின்புறம், பென்சில் கோட்டுக்கு அடியில் இருக்கும்.

தட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கோடி வீட்டுக்குப் போனாள். ஆவுடையம்மாள் பச்சைப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"மதினி, அது முடிஞ்சுதா?"

"முடிஞ்சா பேராச்சிக்குக் குடுக்கணும். அவளுக்கு அடுத்து அவ அக்கா, அச்சன்புதூருக்குப் போவுது. அப்புறம் பால்காரர் வீட்டுல கேட்டிருக்கா." ஆவுடையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் ஊருக்கு முன்னால படிச்சவளாச்சே. உனக்கென்ன இப்ப அவசரம்?"

"அவசரம் ஒண்ணுமில்ல. பால்காரர் வீட்டுக்கு அடுத்தாப்பல என் பேரைச் சொல்லி வைங்க."

மறுநாள் விடியலில் அவள் கண்விழித்த தட்டில் கண்ணாடியும் பழமும் கொன்றைப்பூவும் இருந்தன. புத்தகம் வைக்கும் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்கையில், கொல்லைப்புறத்தில் சுகிர்தம் கலயத்தைக் கழுவிக் கல்லின் மேல் கவிழ்த்து வைக்கும் ஓசை கேட்டது.